கைதட்டல் சோறு போடுமா?

(ஒரு சுரங்கத்து ஊரின் பாண்டு வாத்தியச் சரித்திரம்)

சங்கீதம் என்றால் அது ஏதோ தெய்வ கடாட்சம் என்றும், பூர்வ ஜென்மத்தில் புண்ணியம் செய்தவனுக்குத்தான் அது வாய்க்கும் என்றும், பரம்பரை ரத்தத்தில் ஊறியிருந்தாலொழிய எவனுக்கும் அது வராது என்றும் சொல்லிச் சொல்லி மக்களை நம்ப வைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு உண்மையானால், பகலெல்லாம் பூமிக்கு அடியில் கரி வெட்டி, முகமும் மூக்கும் கறுத்துப் போய் மேலே ஏறி வந்த கூலிக்காரன், சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு ஒரு பித்தளைக் குழலை எடுத்து ஊதி, தேசத்திலேயே முதல் பரிசு வாங்கினானே, அவன் எந்த ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தான் என்று கேட்கிறோம். அப்படிப் புண்ணியம் செய்திருந்தால் அவனைக் கரிக்குழிக்குள் தள்ளிய கடவுள் யார் என்றும் கேட்கிறோம். இரண்டுக்கும் பதில் வராது.

ஆகவே புராணத்தை விட்டுவிட்டுச் சரித்திரத்தைப் பார்ப்போம்.

கிரைம்தார்ப் என்னும் ஊர்

இங்கிலாந்தில் யார்க்ஷயர் ஜில்லாவின் தென்பாகத்தில், பார்ன்ஸ்லி என்னும் பட்டணத்திற்குப் பக்கத்தில், கிரைம்தார்ப் என்று ஓர் ஊர் இருக்கின்றது. கரிச்சுரங்கம் வந்ததால் பெருத்த ஊர் அது. அங்கே கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை, தீர்த்த ஸ்தலமும் இல்லை. ஆனால் அந்த ஊரின் பெயர் இன்று உலகமெங்கும் சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது. காரணம் 1917ம் வருஷத்தில் அந்தச் சுரங்கத்துத் தொழிலாளிகள் ஏற்படுத்திக் கொண்ட பாண்டு வாத்தியக் கோஷ்டிதான்.

1917 என்றால் முதல் மகா யுத்தம் நடந்து கொண்டிருந்த காலம். பக்கத்துக் கட்வொர்த் சுரங்கத்தில் இருந்த பாண்டு கலைந்து போக, அதில் வாசித்துக் கொண்டிருந்த ஆட்கள் இங்கே கூடி இதை ஆரம்பித்தார்கள். வேலை முடிந்த நேரத்தில் பொழுதுபோக்காக வாசிப்பது என்பதே அவர்களுடைய நோக்கம். யாரும் கனவு கண்டு ஆரம்பிக்கவில்லை. எந்த ரிஷியும் வந்து உபதேசம் செய்யவில்லை. நாலு பேர் கூடினார்கள், வாத்தியம் சேர்த்தார்கள், பழகினார்கள். அவ்வளவுதான் அதன் ஸ்தல புராணம்.

குழலுக்குள் இருக்கும் சூட்சுமம்

இப்படிப்பட்ட பாண்டுகள் இங்கிலாந்தின் வடபாகத்தில் ஊருக்கு ஊர் எப்படி முளைத்தன என்பதைத் தெரிந்து கொண்டால், ‘தெய்வ கடாட்சம்’ எவ்வளவு தூரம் பொய் என்பது விளங்கும்.

ஆதியில் பித்தளைக் குழல் என்றால் அதில் சில சுரங்கள்தான் வரும். வெறும் குழாயை ஊதினால், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் குறிப்பிட்ட சுரங்களைத்தான் எழுப்ப முடியும். மற்றச் சுரங்களை எழுப்ப மகா சாமர்த்தியம் வேண்டும். அது பணம் கொடுத்து வாத்தியார் வைத்து, நாள் முழுவதும் சாதகம் செய்பவனுக்குத்தான் கூடும். கூலிக்காரனுக்கு அந்த ஓய்வு ஏது?

1818ம் வருஷத்தில் பிரஷ்யா தேசத்தில் ஸ்டோல்செல், புளூமெல் என்கிற இருவர், குழலில் வால்வு என்னும் அடைப்பானை வைக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் காற்றுப் போகும் வழி நீளும், சுரம் இறங்கும். மூன்று பொத்தான்களைக் கொண்டு எல்லாச் சுரங்களையும் எழுப்பி விடலாம். பிறகு 1840களில் அடோல்ப் சாக்ஸ் என்பவர் சிறிதிலிருந்து பெரிதுவரை ஒரே குடும்பமாக அமையும்படி இந்தக் குழல்களைச் செய்தார். டிஸ்டின் என்னும் குடும்பத்தார் அவைகளை இங்கிலாந்து முழுவதும் வாசித்துக் காட்டிப் பரப்பினார்கள். தொழிற்சாலைகளில் ஏராளமாகச் செய்யப்பட்டதால் விலை இறங்கிற்று. தவணை முறையில் கடனுக்கும் கிடைத்தது.

இதிலே இன்னொரு யுக்தியும் இருக்கின்றது. இந்தப் பாண்டுகளுக்கு எழுதப்படும் சங்கீதத்தில், பாஸ் டிராம்போனும் தாள வாத்தியங்களும் நீங்கலாக, எல்லா வாத்தியத்திற்கும் ஒரே விதமான குறியீட்டில்தான் எழுதுவார்கள். வால்வு உள்ள வாத்தியங்களுக்கெல்லாம் விரல் வைக்கும் முறையும் ஒன்றே. இன்று சின்னக் கார்னெட் ஊதுகிறவன் நாளை பெரிய டியூபாவை ஊதவேண்டி வந்தால், புதிதாக எழுத்துப் படிக்க வேண்டியதில்லை. ஒருவனுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் இன்னொருவன் அந்த இடத்தில் உட்காரலாம். தகப்பன் யூபோனியம், பிள்ளை கார்னெட், ஆனாலும் படிக்கிற பாடம் ஒன்று.

இங்கு ஒன்று கவனிக்க வேண்டும். வித்தை ஒரு சிலருக்கே உரியது என்று இருந்ததற்குக் காரணம் புத்தியில் உள்ள வித்தியாசமல்ல. கருவி கஷ்டமாகவும், விலை அதிகமாகவும், பாடம் மறைவாகவும் இருந்ததே காரணம். கருவி எளிதாகி, விலை குறைந்து, பாடம் பொதுவானவுடனே, நெசவாலைக்காரனும் கரி வெட்டுகிறவனும் வித்துவான்களாகி விட்டார்கள். கடவுள் செய்யாததை மூன்று பொத்தான்கள் செய்தன!

முதலாளியின் தர்மம்

இனி, இந்தப் பாண்டுகளுக்கு முதலாளிகள் பணம் கொடுத்து ஆதரித்தார்களே, அது தர்மமல்லவா என்று சிலர் கேட்கலாம். கொடுத்தது உண்மைதான். குவீன்ஸ்பரி என்னும் ஊரில் ஆலை முதலாளியான ஜான் பாஸ்டர் என்பவர் 1855ம் வருஷத்தில் ஆதரித்து நிறுத்திய பிளாக் டைக் பாண்டு இன்றுவரை பேர் பெற்று விளங்குகின்றது. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் ஏன் கொடுத்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

அக்காலத்து முதலாளிகளும் பாதிரிகளும், சாராயக் கடைக்குப் போகாமலும் சங்கம் கூடாமலும் தொழிலாளியை ஒழுங்காக வைத்திருக்க நல்ல சங்கீதம் உதவும் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். வாத்தியம் கொடுத்தது வாயை அடைப்பதற்கு. ஆனால் நடந்தது என்ன? அதே வாத்தியத்தைக் கொண்டே தொழிலாளி தன் சங்கக் கொடிக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனான். டர்ஹாம் ஜில்லாவில் 1871 முதல் நடந்து வரும் சுரங்கத் தொழிலாளர் திருநாளில், ஒவ்வொரு ஊர்ச் சங்கக் கொடியும் ஒரு பாண்டு முழங்கத்தான் வரும். மதக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1878 முதல் சால்வேஷன் ஆர்மிக்காரர்களும் இதே பித்தளைக் குழல்களைக் கொண்டு தெருவில் கூட்டம் சேர்த்தார்கள். குழலுக்கு மதமும் இல்லை, கட்சியும் இல்லை. எவன் மூச்சு விடுகிறானோ அவன் பேச்சைத்தான் அது பேசும்.

தொழிலாளியும் பிச்சை வாங்கித்தான் வாசித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பல சுரங்க ஊர்களில் தொழிலாளிகளே வாரக் கூலியிலிருந்து சிறு தொகையைப் பாண்டுக்கென்று கொடுத்து வந்தார்கள். 1920ம் வருஷத்துச் சட்டத்தின்படி வெட்டி எடுக்கும் கரியில் டன்னுக்கு ஒரு பென்னி வீதம் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கு ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து குளிக்கும் அறைகளும், மண்டபங்களும், வாசகசாலைகளும் உண்டாயின. அந்தக் கரியை வெட்டினவன் யார்? அவன் வெட்டின கரியின் பென்னி அவனுக்கே திரும்பி வந்தது. இதற்குத் தர்மம் என்று பெயர் வைப்பது நம் பணத்தை எடுத்து நமக்கே தானம் செய்கிற கதைதான்.

போட்டியும் பரிசும்

1853ம் வருஷம் மான்செஸ்டர் நகரத்துப் பெல்வூ தோட்டத்தில் பாண்டுகளுக்குள் போட்டி ஆரம்பமாயிற்று. 1860ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் பெரும் போட்டி நடந்தது. ரயில் கம்பெனிகள் குறைந்த கட்டணத்தில் வண்டி விட்டதால், ஊர் ஜனங்கள் தங்கள் பாண்டுடனேயே மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். 1900 முதல் தேசியப் போட்டி வருஷாவருஷம் நடக்கலாயிற்று. சர் எட்வர்டு எல்கர், ஹோல்ஸ்ட் போன்ற பெரிய சங்கீத கர்த்தாக்கள் 1930ஐ ஒட்டிய காலத்தில் இந்தப் போட்டிக்கென்றே கிருதிகள் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படியிருந்தும் ‘பெரிய மனிதர்’களுடைய சங்கீத சபைகளில் இவர்களுக்கு இடமில்லை. லண்டனில் பிராம்ஸ் என்று பேர் போன கச்சேரிகள் 1895ல் ஆரம்பமாயின. அங்கே கூலிக்காரப் பாண்டு ஏறுவதற்கு 1974ம் வருஷம் ஆயிற்று! எழுபத்தொன்பது வருஷம்! அன்று ஏறியவை கிரைம்தார்ப்பும் பிளாக் டைக்கும். நடத்தினவர் எல்கர் ஹோவார்த் என்பவர். அவரும் ஒரு தொழிற்சாலைப் பாண்டை நடத்தியவருடைய மகன்தான். அவர் 1972 முதல் கிரைம்தார்ப்புக்கு வழிகாட்டியாக இருந்து, புதுமைச் சங்கீத கர்த்தாக்களை இந்தத் தொழிலாளிகளுக்காக எழுதும்படி செய்தார். பர்ட்விசில் என்பவர் 1973ல் எழுதிய ஒரு கிருதிக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார். கேட்பதற்கும் வாசிப்பதற்கும் மகா கடினமானது என்று பேர் பெற்ற அந்தக் கிருதியை வாசித்தவர்கள் காலேஜில் பட்டம் வாங்கினவர்களல்ல, சுரங்கத்துக் கோஷ்டி. ஜாதி இல்லாத தேசத்திலும் அந்தஸ்து என்னும் ஒரு வேலி இருக்கத்தான் செய்கிறது. அந்த வேலியும் தானாக விழவில்லை. தள்ளித்தான் விழுந்தது.

வார்த்தை இல்லாத கீதம்

இவர்கள் சர்ச்சுக் கீதங்களையும் வாசிக்கிறார்களே, இதில் பகுத்தறிவு எங்கே என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். வாசிக்கிறார்கள்தான். ஆனால் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்றே ஒரு கீதம் இருக்கின்றது. அதைப் பற்றிச் சொல்லுகிறேன்.

1934ம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி, வேல்ஸ் நாட்டின் வடபாகத்தில் கிரெஸ்போர்டு என்னும் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்தது. 266 பேர் மாண்டார்கள். நெருப்பு அடங்காததால் சுரங்கத்தையே மூடி அடைத்துவிட்டார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சில உடல்கள்தான் மேலே வந்தன. மற்றவர்கள் இன்றும் அங்கேயேதான் கிடக்கிறார்கள். அன்று அந்தப் பெண்டு பிள்ளைகளுக்கு ‘கடவுள் சித்தம்’ என்றுதான் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். கெட்ட காற்றை வெளியேற்ற வழி செய்யாததும், பத்திரமான ஏற்பாடு இல்லாததும் கடவுள் சித்தம் என்றால், அந்தச் சித்தத்திற்கு லாபம் வாங்கியது யார்?

ராபர்ட் செயின்ட் என்னும் ஒரு சுரங்கத் தொழிலாளி இந்தச் சாவுகளை நினைத்து ஒரு கீதம் செய்தார். அதற்கு ‘கிரெஸ்போர்டு’ என்றே பெயர். அதில் வார்த்தை கிடையாது. கடவுள் பெயர் கிடையாது, மோக்ஷம் கிடையாது. வெறும் பித்தளைக் குழல்களின் ஓசை மாத்திரம். டர்ஹாம் திருநாளில் அது வாசிக்கப்படும்போது ஆயிரக்கணக்கான ஜனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சும்மா நிற்பார்கள். செத்தவனை நினைப்பதற்கு மந்திரமும் தட்சணையும் வேண்டும் என்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

1992ம் வருஷம்

இனி கதையின் கசப்பான பாகத்திற்கு வருவோம்.

1947ம் வருஷம் ஜனவரி முதல் தேதி இங்கிலாந்தின் கரிச்சுரங்கங்கள் சர்க்கார் உடைமையாயின. பிறகு 1984 மார்ச்சில் சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒரு வருஷம் பட்டினி கிடந்தார்கள். 1985 மார்ச்சில் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். பல ஊர்களில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பவில்லை, கொடி பிடித்துப் பாண்டு முழங்கத் திரும்பினார்கள்.

1992 அக்டோபர் 13ந் தேதி, மிச்சமிருந்த 50 சுரங்கங்களில் 31ஐ மூடப் போவதாகவும் சுமார் 30,000 பேருக்கு வேலை போகும் என்றும் சர்க்கார் அறிவித்தது. அந்தப் பட்டியலில் கிரைம்தார்ப்பும் ஒன்று. சில நாட்களுக்கெல்லாம் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டி. கிரைம்தார்ப் கோஷ்டி போயிற்று, வாசித்தது, தேசத்திலேயே முதல் பரிசு வாங்கிற்று. சபை எழுந்து கைதட்டியது. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின.

1993 மேயில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

தோழர்களே! இதைத்தான் நாம் முக்கியமாக யோசிக்க வேண்டும். கோப்பையைக் கையில் கொடுத்த தேசமே கையிலிருந்த வேலையைப் பிடுங்கிற்று. 1994ல் ஐரோப்பிய யூனியனின் ஆராய்ச்சி ஒன்று, தேசத்திலேயே மிகவும் ஏழ்மையான கிராமம் கிரைம்தார்ப்தான் என்று சொல்லிற்று. தேசத்தின் முதல் பாண்டும் இந்த ஊரில், தேசத்தின் முதல் வறுமையும் இந்த ஊரில்! கைதட்டல் சோறு போடுமானால் அந்த ஊரில் பஞ்சமே வந்திருக்கக் கூடாது.

1996ல் இந்தக் கதையைத் தழுவி ‘பிராஸ்டு ஆப்’ என்று ஒரு சினிமா வந்தது. அதில் வரும் வாத்தியமெல்லாம் கிரைம்தார்ப் கோஷ்டி வாசித்ததே. அதன் முடிவில் பாண்டின் தலைவராக வருகிறவர், போட்டியில் ஜெயித்த பிறகு, சங்கீதத்தைக் காட்டிலும் மனிதர்கள்தான் முக்கியம் என்கிற கருத்தில் பேசிக் கோப்பையை வேண்டாம் என்கிறார். நெஞ்சிலே கரித்தூள் படிந்து மூச்சு முட்டுகிற ஒருவராக அவரைக் காட்டியிருக்கிறார்கள். அது சினிமாவுக்காகச் செய்த ஜோடனை அல்ல. கரித்தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைப்பது சுரங்கத் தொழிலாளியின் தொழில் வியாதி. குழல் ஊதுகிறவனுக்கு முதல் மூச்சே முதல். அந்த முதலையே சுரங்கம் தின்றது. மிச்சமிருந்த மூச்சில்தான் அவன் வாசித்தான்.

ஆகவே ‘ஐயோ, சுரங்கம் போயிற்றே’ என்று நாம் ஒப்பாரி வைக்க வரவில்லை. மனிதனைக் குழிக்குள் இறக்கி, இருட்டிலும் தூளிலும் கொல்லுகிற தொழில் ஒழிந்தால் நல்லதுதான். ஆனால் தொழிலை ஒழிக்கிறவன், அந்தத் தொழிலாளிக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்துவிட்டு ஒழிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மூடியதுதான் அக்கிரமம். குழியை மூடினார்கள், ஊரையும் சேர்த்து மூடினார்கள்.

பாண்டு சாகவில்லை

சுரங்கம் போன பிறகும் பாண்டு சாகவில்லை. 2006லும் 2007லும் மறுபடி தேசியப் பரிசு வாங்கிற்று. 2012ல் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத் துவக்க விழாவிலும் அது வாசித்தது. ஆனால் உள்ளதை ஒளிக்கக் கூடாது. இன்று அதில் கரி வெட்டுகிறவர் யாரும் இல்லை, வெட்டுவதற்குச் சுரங்கமும் இல்லை. பெயரில் மாத்திரம் ‘சுரங்கம்’ இருக்கின்றது. கீழே தூண் போய்விட்டது, மேலே மாடம் நிற்கிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்பது, ஊர்ப் பிள்ளைகளுக்கு யார் வாத்தியம் வாங்கிக் கொடுத்துப் பாடம் சொல்லுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தப் பாண்டுக்காரர்களிடத்திலும் ஒரு குற்றம் இருந்தது. நெடுங்காலம் பெண்களை உள்ளே சேர்க்கவில்லை. பெண்ணுக்கு நுரையீரல் இல்லையா, உதடு இல்லையா? கிரேஸி கோல் என்கிற ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் தகப்பனாரைப் போலவே கார்னெட் ஊதப் பழகி, 1940களில் ஆண்களையெல்லாம் வாயடைக்கச் செய்தார். இப்போது பல பாண்டுகளில் பெண்கள் முன் வரிசையில் இருக்கிறார்கள். நான்கு தலைமுறையாகப் ‘பெண்ணால் முடியாது’ என்று சொன்னவர்கள் என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

நமக்கு என்ன?

இங்கிலாந்துச் சங்கதி நமக்கு எதற்கு என்று யாரேனும் கேட்டால், அந்தக் கார்னெட்டும் யூபோனியமும் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வழியாக வந்து நம் ஊர்க் கலியாண ஊர்வலத்திலும் பிண ஊர்வலத்திலும் முழங்கிக் கொண்டுதான் இருக்கின்றன என்பதை ஞாபகப்படுத்துகிறோம். அந்தப் பாண்டுக்காரரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தி, விருந்து முடிந்த பிறகு மிச்சத்தைப் போட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்ன வாத்தியம் இன்ன ஜாதிக்கு, இன்ன வாத்தியம் சாவுக்கு, அதைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று தோலுக்கும் மரத்துக்கும் ஜாதி வைத்தது நம் நாடு. கரிக்குழித் தொழிலாளி குழலை எடுத்தபோது ‘நீ யார் மகன்’ என்று அவனை எவரும் கேட்கவில்லை. ‘தாளம் தப்பாமல் வாசிப்பாயா’ என்றுதான் கேட்டார்கள். இந்த ஒரு கேள்வியை மாற்றிக் கேட்பதற்கு நமக்கு எந்தக் கடவுளின் அனுமதியும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. கிரைம்தார்ப்பின் சரித்திரம் இரண்டு பாடங்களைச் சொல்லுகின்றது. வித்தை யாருக்கும் வரும், கருவியும் பாடமும் ஓய்வும் பொதுவாக இருந்தால் போதும் என்பது ஒன்று. வித்தை மாத்திரம் இருந்து வயிற்றுக்கு உரிமை இல்லாவிட்டால், கோப்பை வாங்கின கையே மறுநாள் பிச்சைக்கு நீள வேண்டி வரும் என்பது மற்றொன்று. ஆகவே அடுத்த தடவை யாரேனும் ஒரு பாண்டுக்காரரின் வாசிப்பைக் கேட்டு ‘ஆஹா, தெய்வீகம்’ என்று கைதட்டினால், அவரைச் சற்று நிறுத்தி, அந்த மனிதருக்குப் பேசின கூலியை முழுதும் கொடுத்தாயிற்றா, பந்தலுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டாயிற்றா என்று கேளுங்கள். கைதட்டலைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.